தூக்குப்போசிக்குள் டெல்லி

பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்த பெண் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டால், அந்த ஊரில் கெட்டுப்போகும் ரேடியோ, ஃபேன், டார்ச் லைட் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. எனக்கு இதெல்லாம் தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். (மாமனார் என்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமை பேசுவது கேட்கச் சுகமாக இருந்தது.)

எண்பதுகளின் கடைசி. ஏரியூர் பக்கம் எங்கள் ஊரில் மலை மறைப்பதால் சாதாரண ஆன்டெனாவில் படம் வராது. மாமனார் பெங்களூரிலிருந்து ஆள் வரவழைத்து, கோழிவலை அடித்த பெரிய டிஷ் ஒன்றைக் களத்தில் நிறுத்தியிருந்தார். பட்டாளத்திலிருந்த என் கொழுந்தன் அருள், அந்த வருடம் டெல்லியில் குடியரசு தின அணிவகுப்பில் நடக்கப்போகிறான் என்று சேதி வந்தது. மகனைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்த மாமியாருக்கு அதிலிருந்து தூக்கமே இல்லை.

குடியரசு தினத்தன்று காலை அத்தை டிவிக்கு ஒரு சிலுவை போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தார். பாதி ஊர் பின்னால் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டால் திரை முழுக்கப் புள்ளி.

"எம் மருமவ பிசிக்ஸுங்க. அது பாத்துக்கும்" என்றார் மாமனார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துக்குப் போனேன். ஊரும் வந்தது. சும்மா பார்த்தால் மதிப்பிருக்காதே, விளக்கம் கொடுத்தேன். வானத்து சாட்டிலைட் அனுப்பும் அலைகள் இந்த வலையில் பட்டு எகிறி, மேலே ஒரே இடத்தில் சேரும் என்றேன். அதுவரை சரிதான். வலைக்கு மேலே, மூன்று கம்பிகள் சேரும் இடத்தில் அலுமினியத்தில் ஏதோ பளபளத்தது.

"அலையெல்லாம் புடிக்கிறது இதுதாங்க. இதுதான் உயிரு. யாரும் தொடக்கூடாது."

ஏதோ சொல்ல வந்த அத்தை வாயை மூடிக்கொண்டார்.

உயிர் நன்றாக இருந்தால், கோளாறு திசையில்தானே? டிஷ் லேசாகத் தெற்கே சாய்ந்திருந்தது. டெல்லியோ வடக்கே இருக்கிறது. ஆம்பிளைகளை விட்டு வடக்கே சாய்க்கச் சொன்னேன். (டெல்லியிலிருந்து மேலே போகிற படம், நமக்குத் தெற்கே நிற்கும் சாட்டிலைட்டிலிருந்துதான் இறங்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவள் நான். ஊர் சுற்றி நின்று பார்க்கும்போது படித்தது ஒன்றும் கூட வராது.) புள்ளி போகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்த்துக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாதான் அத்தையிடம் கேட்டாள். "ஏங்க்கா, அது உங்க வூட்டுத் தூக்குப்போசி தான?"

அத்தை தலையாட்டினார். வாய் திறந்த பாத்திரத்தை ராத்திரி மூடாமல் வைக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. மகன் அந்த வழியாகத்தான் வரப்போகிறான், பனியும் பூச்சியும் ஏறக்கூடாது என்று, பால் வாங்கும் போசியை, கம்பிகள் சேரும் இடத்தில் அலை பிடிக்கும் குழாயின் வாயில் மாட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதான் உயிருன்னு படிச்சவ நீ சொல்ற. நம்ம போசிக்கு இப்படியும் ஒரு வேல இருக்குதாட்டம் இருக்குதுன்னு நெனச்சிட்டேன் கண்ணு."

போசியை அவிழ்த்தோம். அப்போதும் படமில்லை, டிஷ்தான் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்ததே. மறுபடி தெற்கே சாய்த்துச் சாய்த்து, படம் பளிச்சென்று வந்தபோது அணிவகுப்பு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை. வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இதுல தான நடந்திருப்பான்" என்றார்.

அருள் லீவில் வந்ததும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். பிறகு யாரும் சொல்லாமலே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, கிணற்றடியிலிருந்து டிஷ் வரை விறைப்பாக நடந்து காட்டினான். அத்தை திரும்பவும் நடக்கச் சொன்னார். டெல்லியில் நடந்ததை டிவியில் பார்த்திருந்தால் இவ்வளவு கிட்டத்தில் தெரியுமா என்று ஊரெல்லாம் கேட்டார்.

அந்தப் போசி இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. நான் எதையாவது அடித்துப் பேச ஆரம்பித்தால், என் மகள் அதைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, "இது எந்தப் பாகம்மா?" என்று கேட்பாள்.