தலைகீழ்க் கிளிச் சேலை

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் கொழுந்தன் மகன். என் பெயரை எழுதுவேன், அதற்குமேல் எழுத்து வராது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்தி யாழினிதான் எழுதுகிறாள். ஆனால் சுங்குடிச் சேலையில் மெழுகு அச்சுக் குத்துவதில் என்னை மிஞ்ச மதுரைச் செல்லூரில் ஆள் கிடையாது. அந்தத் திமிரில்தான் கடைசி மகன் நிச்சயதார்த்தச் சேலைக்கு நானே அச்சுக் குத்த உட்கார்ந்தேன்.

முந்தியில் கிளிகள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும் என்று ஆசை. அச்சுக்கட்டை செதுக்கும் ஆசாரி அண்ணனிடம் போனேன்.

"அப்ப ரெண்டு கட்டை வேணும் தங்கச்சி. அந்தப் பக்கம் பாக்குறதுக்கு ஒண்ணு, இந்தப் பக்கம் பாக்குறதுக்கு ஒண்ணு."

"எதுக்குண்ணே? ஒரு கட்டையவே திருப்பிப் பிடிச்சாக் கிளி அந்தப் பக்கம் பாத்துட்டுப் போகுது!"

"திருப்புனா என்னாகும்னா..."

"எனக்கே அச்சுக் குத்தச் சொல்லித் தாரீகளா? ஒண்ணைச் செதுக்குங்க, போதும்."

மனிதர் உளியைக் கையில் எடுத்துவிட்டார்.

வெள்ளைத் துணியில் மெழுகு குத்தினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சாயத்தில் முக்கி, வெந்நீரில் மெழுகை எடுத்த பிறகுதான் உருவம் பளிச்சென்று வரும். ஒரு கிளி நேராக, அடுத்த கிளிக்குக் கட்டையைத் திருப்பி என்று குத்தித் தள்ளினேன். வேன் கிளம்பும் நேரத்தில்தான் சாயப்பட்டறையிலிருந்து சேலை மடிப்போடு வந்தது. பிரித்துப் பார்க்கவில்லை (நான் குத்தியதை நானே சந்தேகப்படவா?).

பேரையூரில் பெண் வீடு. சபை நடுவே பெண்ணின் அத்தை சேலையை விரித்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு கிளி நின்றது. அதன் ஜோடி காலை மேலே நீட்டிக்கொண்டு வௌவால் மாதிரித் தொங்கியது. முந்தி முழுக்க இதே கூத்து.

"என்ன மதினி, பாதிக் கிளி செத்துக் கிடக்கு? நல்ல காரியத்துக்கு இதையா கொண்டாந்தீக?"

தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த பெண்ணின் அப்பா, மறுபடி கீழே வைத்துவிட்டார். என் மகன் முகத்தில் ஈயாடவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று இரண்டு வருடமாக ஒற்றைக்காலில் நின்றவன்.

நான் அசருவேனா? எழுந்து நின்றேன்.

"யாரு செத்தது? கொய்யா மரத்துல கிளி பழம் திங்கிறதப் பாத்ததில்லையா? தலைகீழாத் தொங்கித்தான் திங்கும்! மதுரையில இப்பிடிக் குத்த எவளுக்குத் தெரியும்?"

பெண் குனிந்து சேலையை உற்றுப் பார்த்தாள்.

"சரிங்கத்தே, பழத்தைக் காணோமே?"

நானும் குனிந்து கிளியைப் பார்த்தேன். ஒரு நொடிதான்.

"தின்னு முடிச்சிருச்சுத்தா."

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு அவள் அப்பா. அத்தைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார் (சிரிப்பை எனக்குக் காட்டக் கூடாதாம்). தட்டு மாறியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சாக்குச் சொன்னால், என் மகன் சிலிண்டருக்குச் சொல்ல மறந்துவிட்டு மென்று விழுங்கினால், மருமகள் இடுப்பில் கைவைத்துக் கேட்பாள்: "பழத்தைத் தின்னு முடிச்சிருச்சாக்கும்?" எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கிளி தொங்கித்தான் தின்னும். நம்பாதவர்கள் கொய்யா மரத்தடியில் போய் நின்று பார்க்கலாம்.

போதும் யாழினி. இப்பச் சத்தமா ஒருவாட்டி வாசி. நடுவுல எங்கேயாச்சும் 'அப்பத்தா தப்பாக் குத்திட்டாக'ன்னு நீயாச் சேத்திருந்தா, வாசிக்கிறதுக்கு முந்தியே அடிச்சிரு.