கல்லில் காது வைத்தவர்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: கோயமுத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள கொங்கு மண்டலத்திலும் இனிமேல் சாதாரண மனிதர் என்று ஒருவரும் கிடையாது. அனைவரும் அரச பரம்பரை. மிச்சம் மீதி இருப்பவர்கள் தளபதி பரம்பரை. பேக்கரியில் உங்களுக்கு டீ ஆற்றிக் கொடுப்பவரிடம் இன்று முதல் எழுந்து நின்று பேசவும். அவருடைய மூதாதை யானைப் படைக்குத் தலைமை தாங்கியவர். இதைக் கற்கள் சொல்லின. கற்கள் சொன்னதைக் கேட்டு நமக்குச் சொன்னவர் ‘கல்செவிச் செம்மல்’ கிருபாசங்கர்.

கிருபாசங்கர் முன்பு வாஸ்து பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை எந்த மூலையில் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், சேரர் எந்த மூலையில் வந்தார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெரிய வித்தியாசம் இல்லை. கேட்பவர்கள் அதே ஆட்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவினாசி ரோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் ‘மரபு தரிசனம்’. சோமனூரிலிருந்து தறிக்காரர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்கு மண்டிக்காரர்கள், பொள்ளாச்சிப் பக்கமிருந்து தென்னந்தோப்புக்காரர்கள் என்று ஒரே நெரிசல். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கல். பூர்வீக மண்ணிலிருந்து எடுத்து, பட்டுத் துணியில் சுற்றி, மஞ்சள் கயிறு கட்டி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கல்லுக்குத் தலை எது என்று யாரும் கேட்டதில்லை.

கிருபாசங்கர் மேடையில் அந்தப் பட்டு மூட்டையின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். டாக்டர் மூச்சை இழுத்து விடச் சொல்வார். இவர் கல்லிடம் அதைக்கூடச் சொல்வதில்லை. கண்ணை மூடி, “ம்... ம்... அப்புறம்?” என்பார், தூரத்துச் சொந்தக்காரரோடு போனில் பேசுவதுபோல். திடீரென்று, “குதிரைச் சத்தம் கேக்குது!” என்று அலறுவார். கூட்டத்தில் பாதிப் பேர் அழுவார்கள். மீதிப் பேர் வீடியோ எடுப்பார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: பட்டை அவிழ்க்கக் கூடாது. எப்போதும் கூடாது. “கல்லுக்குக் கூச்சம் ஜாஸ்திங்க. கண்ணுல பட்டா ஊமையாயிரும். மீறி அவிழ்த்தவங்களுக்குக் கண்ணும் நிக்காது, வம்சமும் நிக்காது” என்பார். கல்லில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் தொல்லை இதனால் ஒழிந்தது. எழுத்தைப் படிப்பவன் கல்வெட்டு ஆய்வாளன்; எழுத்தே இல்லாமல் படிப்பவன் செம்மல்.

செம்மலின் ஞானத்துக்கு ஒரு வாசல் உண்டு. அது மண்டபத்தின் பார்க்கிங். அங்கே அவருடைய உதவியாளர் சைதன்யா செம்மலோடு பேசும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு நின்று, வருகிறவர்களை வணங்கி, ஊரையும் குலதெய்வத்தையும் அன்பாக விசாரித்து, வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். பெரிய கார் என்றால் சிற்றரசர். நடுத்தரக் கார் என்றால் தளபதி. டூவீலரில் வந்தால் ஈட்டி பிடித்தவர். பஸ்ஸில் வந்தவர்களுக்குக் கல் பேசியதாகத் தகவல் இல்லை.

இதே ஊரில் பத்மாவதி என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியை இருக்கிறார். அவரும் மாதம் ஒரு கூட்டம் நடத்துவார். தலைப்பு ‘இடைக்காலக் கொங்கில் நீர்ப்பங்கீடும் நில உரிமையும்: சில அவதானிப்புகள்’ என்பதுபோல் இருக்கும். அந்தத் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் டவுன்பஸ் ஏறிப் போய்விடலாம்; பலர் போயும்விட்டார்கள். மைக் செட்டுக்காரர் மட்டும் கடைசிவரை இருப்பார். மைக் அவருடையது. வரலாற்று அறிஞர்கள் தங்களுக்குள்ளேயே எழுதி, தங்களுக்குள்ளேயே படித்து, தங்களுக்குள்ளேயே பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தால், காலியான திண்டில் வேறொருவன் வந்து சாய்ந்துகொள்ளத்தான் செய்வான். நல்லவேளையாகப் பத்மாவதிக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைக் காட்டுவார். கிணத்துக்கடவுக்குப் போனால் முத்தாத்தாள் கடையில் சந்தகை, அதாவது சேவை, சாப்பிடுவார்.

முத்தாத்தாளின் வீடும் அதுதான், கடையும் அதுதான். ரோட்டோரப் புறம்போக்கில் ஓட்டுவீடு. புருஷன் போன பிறகு அந்த வாசலில் சந்தகை பிழிந்துதான் மகளைக் கட்டிக் கொடுத்தாள். வீட்டை ஒட்டிப் பின்னால் செங்கோடனின் தென்னந்தோப்பு. வாசலில் பாதி புதைந்து ஒரு கல் சாய்ந்து நின்றது. அதில் முத்தாத்தாள் துணி துவைப்பாள்.

செங்கோடனும் செம்மலிடம் பதிவு செய்திருந்தார். செம்மல், ரோட்டோரமாக ஏதாவது கல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதே! உடனே ஒரு சிவப்புப் பட்டை அனுப்பி உத்தரவு போட்டார்: “அந்த மண்ணுல இப்ப யாரு குடியிருக்காங்களோ, அவங்க கையாலயே எடுத்துச் சுத்தித் தரோணும். அப்பத்தான் தோசம் உங்களைத் தாக்காது.” முத்தாத்தாளும் எதற்கென்று தெரியாமல் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

கல் பேசியது. நடுத்தரக் காருக்கு உரியதைக் கச்சிதமாகப் பேசியது. செங்கோடனின் மூதாதை பெருந்தளபதி. வடக்கேயிருந்து வந்த ராயர் படையை அந்த இடத்தில்தான் ஓட ஓட விரட்டினார். அவர் குதிரை விழுந்ததும் அங்கேதான். ஆகையால் அங்கே மணிமண்டபம் எழுப்ப வேண்டும்; கட்டித்தரும் ஆட்களைச் செம்மலே அனுப்புவார். “அந்நியர் அங்க குடியிருக்கற வரைக்கும் தளபதிக்குத் தூக்கம் இல்லைங்க.”

இத்தனை நூற்றாண்டு தூங்காத தளபதிக்காக, தைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி முத்தாத்தாளுக்குத் தகவல் போனது. அடுத்த வாரம் சந்தகை சாப்பிட வந்த பத்மாவதியிடம் அவள் சொன்னாள்:

“அம்மணி, உங்க சரித்திரம் என்னை ஊட்டை விட்டுத் தொரத்துதுங்க.”

“அது என்ற சரித்திரம் இல்லீங்க அக்கா.”

“யாரு சரித்திரமோ. நான் எங்கீங்க போறது? குதிரை உழுந்த எடம்ங்கறாங்க. நானுந்தான் போன மழைக்கு அங்க வழுக்கி உழுந்தேன். எனக்கு யாரும் மண்டபம் கட்டலைங்க.”

பத்மாவதி நேராகத் தோப்புக்குப் போனார். செங்கோடன் கெட்ட மனிதர் அல்ல. தளபதி வம்சம் என்று தெரிந்த நாளிலிருந்து மீசையை மட்டும் கொஞ்சம் முறுக்கிவிட்டிருந்தார்.

“வாங்க அம்மணி, எளநி குடிங்க. நீங்க சொல்ல வர்றது தெரியுமுங்க. ஆனாக் கல்லே சொல்லிப்போட்டுதுங்களே!”

“கல்லு சொன்னாச் சரிங்க. நீங்க மாடு வாங்கப் போனா என்ன பண்ணுவீங்க?”

“பல்லைப் புடிச்சுப் பார்ப்பேனுங்க.”

“தரகர் சொன்னாப் போதாதுங்களா?”

செங்கோடன் சிரித்துவிட்டார். “தரகன் பேச்சைக் கேட்டு மாடு வாங்கினவன் உருப்பட்டிருக்கானுங்களா?”

“மாட்டுக்கே பல்லைப் பார்க்கறீங்க. பாட்டனுக்குப் பார்க்க வேண்டாமுங்களா? அந்தக் கல்லை அப்படியே குடுங்க. பட்டை அவிழ்க்க மாட்டேன். மேல வேற பட்டைச் சுத்தி, எங்க அண்ணன் தோட்டத்துக் கல்லுன்னு கொண்டு போறேன். நெசமாப் பேசற கல்லுன்னா, ஆரு கொண்டு போனாலும் அதே கதையைத்தானே சொல்லோணும்? சொல்லிட்டா முத்தாத்தாள் அக்காளை நானே கூட்டிட்டுப் போயிர்றேன். மாத்திச் சொல்லிட்டா?”

“சொல்லாதுங்க.”

“சொல்லிட்டா?”

செங்கோடன் மீசையைத் தொட்டார். “அந்த ஊட்டுப் பக்கம் என்ற நெழல்கூடப் படாதுங்க.”

பத்மாவதியின் அண்ணன் திருமலைசாமி நூல்மில் முதலாளி. வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், பேங்கில் இங்கிலீஷ். செம்மலிடம் தேதி கிடைக்க அவரும் காத்திருந்தார். தங்கையே பச்சைப் பட்டில் மூட்டையைக் கொண்டுவந்து நீட்டியதும் நெகிழ்ந்துபோனார். “பத்மா, இத்தன வருசமா இதையெல்லாம் பொய்யின்னயே, இப்பவாவது புத்தி வந்துச்சே!”

“வந்துருச்சுங்க அண்ணா. கார்ல ஏறுங்க.”

அந்த ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் செங்கோடன், தலையில் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு. பின்வரிசையில் முத்தாத்தாள், பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கியவள். அவளை யாரும் பார்க்கிங்கில் வணங்கவில்லை.

திருமலைசாமியின் கார் மிகப் பெரியது. செம்மலுக்கு அன்று கல்லின் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது.

“ம்... ம்... ஆஹா! வடக்கேயிருந்து வர்றாங்க! ராயர் படை! முன்னால வெள்ளைக் குதிரையில வர்றது ஆரு? உங்க மூதாதைங்க! சேனாதிபதி மட்டுமில்லை, சிற்றரசர்! எதிர்த்து நின்ன உள்ளூர்த் தளபதி... அடடா... செருப்பைக்கூட விட்டுப்போட்டு ஓடறானுங்க!”

கைத்தட்டல் காதைப் பிளந்தது. திருமலைசாமி கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் முக்காடு விலகியது.

“ஏனுங்க சாமி!” என்று எழுந்தார் செங்கோடன். “ஆருங்க அந்தச் செருப்பை விட்டுப்போட்டு ஓடினவன்?”

“உட்காருங்க, உட்காருங்க. அது வேற கல்லு.”

“அதே கல்லுங்க. பச்சைக்கு உள்ளே பாருங்க, என்ற சிவப்புப் பட்டு இருக்கும். மூணு வாரம் முந்தி எங்க பாட்டன் இவிங்களை ஓட ஓட வெரட்டினான்னீங்க. இன்னிக்கு எங்க பாட்டனே ஓடறான். நடுவுல என்னங்க ஆச்சு? கால்வலியா?”

திருமலைசாமி திரும்பினார். “ஹலோ, யாருங்க நீங்க? எங்க தாத்தாவை வெரட்டறதுக்கு நீங்க யாரு?”

“என்ற பாட்டன் செருப்பைப் புடுங்கினது நீங்கதானுங்களா?”

இருவரும் ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஒரு கல் அரைமணி நேரத்தில் இவ்வளவு பகையை உண்டாக்கும் என்றால், ஊர் ஊராக இத்தனை கற்கள் என்னென்ன செய்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செம்மல் லேசான ஆள் இல்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினார். “பக்தர்களே! ஒரே போர்க்களம். ரெண்டு பக்கத்து ரத்தமும் அந்தக் கல்லு மேலதான் தெறிச்சுது. ஆரு மடியில இருக்குதோ அவங்க பக்கம் நின்னு பேசுது. அதுதான் கல்லோட கருணை!”

கூட்டம் “ஆமாமா” என்றது. கூட்டம் எப்போதும் அப்படித்தான். ஏமாற்றுகிறவனுக்கு மூச்சு வாங்கினால், ஏமாந்தவர்கள் விசிறிவிடுவார்கள்.

பத்மாவதி மேடையேறினார். “அப்போ அவிழ்த்துப் பார்த்துரலாமுங்க. ரத்தக்கறை தெரியுதான்னு.”

“தொடாதீங்க! கண்ணு போயிரும்!”

மில் முதலாளி பின்வாங்கினார். தென்னந்தோப்புக்காரர் பின்வாங்கினார். பத்மாவதி மூட்டையில் கை வைப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மணி, சாக்கிரதைங்க. கீழ போட்டு ஒடைச்சுப்போடாதீங்க. எனக்கு வேணுமுங்க.”

முத்தாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்தாள். பச்சைப் பட்டை உருவினாள். சிவப்புப் பட்டை உருவினாள். மேடை விளக்கில் கல் பளபளத்தது. உச்சியில் இரும்புக் கம்பி சொருகும் ஓட்டை. இடுக்குகளில் காய்ந்த இட்லி மாவு.

கிரைண்டர் குழவிக்கல்.

தமிழ்நாட்டுக்கே கிரைண்டர் செய்து அனுப்பும் ஊர் இது. கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அன்று காலைகூட அந்தக் கல் சுற்றியிருந்தது. அடையாளம் காட்டக் கல்வெட்டு ஆய்வாளர் தேவைப்படவில்லை. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. அப்புறம்தான் பலருக்குத் தங்கள் மடியில் இருந்த மூட்டை நினைவுக்கு வந்து, சிரிப்பு அங்கங்கே நின்றது.

“முத்தாத்தா! வாசல்ல இருந்த கல்லை அல்லோ சுத்தித் தரச் சொன்னேன்?” என்றார் செங்கோடன்.

“அது பாதி மண்ணுக்குள்ள கெடக்குதுங்க. நான் ஒத்தப் பொம்பளை, எப்படிங்க தோண்டுவேன்? மோட்டார் ரிப்பேர்ல போயி இது சும்மாதான் கெடந்துச்சு. கல்லுதானேன்னு சுத்திக் குடுத்துப்போட்டேன். அது இப்படி வாயாடும்னு எனக்கென்னங்க தெரியும்? சொன்னா நீங்க சத்தம் போடுவீங்கன்னு கம்முனு இருந்துட்டேன். இப்ப மோட்டார் வந்துருச்சு. மாவு ஆட்டோணும்.”

எல்லோரும் செம்மல் பக்கம் திரும்பினார்கள். செம்மல் அங்கே இல்லை. சமையற்கட்டுப் பக்கத்துக் கதவு வழியாகப் போயிருந்தார். அது வாஸ்துப்படி ஆகாத திசை. அவசரத்துக்கு எல்லாத் திசையும் நல்ல திசைதான்.

செங்கோடன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மணிமண்டபத்துக்கு இறக்கிய செங்கல்லைத் தன் மாட்டுக் கொட்டகைக்குத் திருப்பிவிட்டார். மாடுகள் அதற்குத் தகுதியானவை. அவை யாரிடமும் வம்சம் விசாரிக்கவில்லை. முத்தாத்தாளிடம் போய், “நீங்க அங்கயே இருந்துக்கங்க அம்மணி” என்றார். அவள், “நான் எங்கயும் போகலீங்களே” என்றாள்.

ஆனாலும் அன்று மண்டபத்தில் செங்கோடனுக்கு மனசு ஆறவில்லை. படியிறங்கும்போது பத்மாவதியை மறித்தார். திருமலைசாமியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஆசை அவருக்கும் இருந்தது.

“அவன் சொன்னது பொய்யி. ஒத்துக்கறேனுங்க. அப்ப என்ற முப்பாட்டன் நெசமா ஆருங்க?”

“தெரியாதுங்க” என்றார் பத்மாவதி.

“இத்தனை படிச்சுப்போட்டுத் தெரியாதுங்கறீங்களே?”

“படிச்சதுனாலதானுங்க தெரியாதுன்னு சொல்ல முடியுது. ஆதாரம் இருந்தாச் சேர்ந்து தேடலாம். வெயில்ல அலையோணும். பொறுமையா எழுத்துக் கத்துக்கோணும். கெடைக்கறது நமக்குப் புடிக்காமயும் இருக்கலாம். வர்றீங்களா?”

இரண்டு பேரும் ஒரே குரலில், “அப்புறம் சொல்றோமுங்க” என்றார்கள். போருக்குப் பிறகு இரு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

கிருபாசங்கர் இப்போது வேறு மாவட்டத்தில் செப்புக்காசுகளை முகர்ந்து பார்த்து வம்சம் சொல்கிறாராம். அங்கேயும் பார்க்கிங்கில் இடம் கிடைப்பதில்லை என்கிறார்கள். போகிறவர்கள் போகட்டும். போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனசில் போட்டுப் பாருங்கள்: அத்தனை பேரும் குதிரை மேலேயே உட்கார்ந்திருந்தால், சோளம் விதைத்ததும் மாடு மேய்த்ததும் யார்?

நம் முப்பாட்டன் மாடு மேய்த்தார்.