முன்பின் தெரியாதவர்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் தன் மனைவிக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து, சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். கடைக்காரருக்குப் புல்லரித்தது. இவளுக்குள் இப்படியொரு நடிகை ஒளிந்திருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே.

இருவருக்கும் வீட்டில் பேச்சு நின்றுபோய்ப் பல மாதங்கள். குடும்பநல ஆலோசகர் அவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசிவந்தார். முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஒரு காபிக் கடையில் சந்தித்து முதலிலிருந்து பழகுங்கள் என்பது அந்த அம்மாளின் யோசனை. தையல் வகுப்பு முடிந்து மனைவி வழக்கமாக உட்காரும் கடைக்கு, இவர் புதுச் சட்டையும் சென்ட்டுமாக வந்து சேர்ந்திருந்தார்.

"உங்களை எங்கயும் பார்த்த ஞாபகம் இல்லையே," என்றார்.

"எனக்கும்தான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆன மாதிரி ஞாபகம்."

கடைக்காரர் சொக்கிப்போனார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டு, போன் நம்பர் கேட்டார். காபி கொண்டுவந்த பெண்ணுக்கு இது சரியாகப் படவில்லை. இவரைத் தெரியுமா என்று மனைவியிடம் விசாரித்தாள்.

"தெரியாது."

நடிப்பை விட்டுவிடாதே, அப்படியே தொடர் என்கிற அர்த்தத்தில் கடைக்காரர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். அர்த்தம் போய்ச் சேரவில்லை. கண்ணடித்தது மட்டும் காபிக்காரப் பெண்ணின் கண்ணில் பட்டது. அவள் போய் வாசல் காவலாளியை அழைத்துவந்தாள்.

காவலாளியின் தோளகலத்தைப் பார்த்ததும் கடைக்காரர் விளையாட்டைக் கைவிட்டு, இவள் என் பெண்டாட்டி என்றார். மாட்டிக்கொண்ட எல்லாரும் சொல்வதுதான் அது என்றார் காவலாளி. ஆனாலும் நியாயமான மனுஷர். கடைக்காரரைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா போட்டிருக்கிற கண்ணாடி என்ன கலர்?"

கடைக்காரர் உஷாரானார். தன்னிடமேவா இந்தப் பொறி?

"அவ கண்ணாடியே போடமாட்டா."

கடையில் இருந்த அத்தனை பேரும் அவளுடைய சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தார்கள். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

கடைசி நம்பிக்கையாகப் போனில் இருந்த போட்டோவைக் காட்டினார். யார் குறட்டை விடுவது என்ற தகராறில் சாட்சிக்காக எடுத்தது. அதில் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

காவலாளியின் முகம் இறுகியது. "எந்த ஜன்னல் வழியா எடுத்தே?"

'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. கையையும் பிடித்தாயிற்று. மனைவி நிதானமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வேறு வழியின்றிக் கடைக்காரர் ஆலோசகரைப் போனில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், அவ நடிப்புக்கு முன்னாடி நான் தோத்துட்டேன். ஆட்டம் முடிஞ்சுதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மறுமுனையில் ஆலோசகர் குறிப்பேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சார், அந்த ஆட்டத்தைப் பத்தி உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். அவங்ககிட்ட இன்னும் பேசவே இல்லையே."