மிஸ் கதிரையும் இரண்டு ஓமும்

ரொறன்ரோவில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் மிஸ் கதிரையைக் கண்டு நடுங்காத கதிரை ஒன்றுகூட இருந்ததில்லை. நூலகத்துக் கதிரை, ஆய்வுகூடத்து முக்காலி, பேராசிரியர் ஒருவர் கோப்பி எடுக்கப் போன இடைவெளியில் அவருடைய சுழல்கதிரை, எல்லாமே ஒருமுறையாவது அவர் கையால் நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கியிருக்கின்றன.

தொண்ணூறுகளின் நடுவில், படித்துக்கொண்டே கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். முறைப்பாட்டுச் சீட்டுகளைத் திகதிவாரியாகக் கோப்பில் போடுவதுதான் வேலை. திகதி குறிப்பது எனக்குப் பிறவி நோய் என்பதால், அவற்றின் சாரத்தைச் சொந்த நாட்குறிப்பிலும் எழுதிவைத்தேன். அதனால்தான் இன்று இவ்வளவு துணிவாக எழுதுகிறேன். அந்த ஒக்ரோபரில் வந்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே செய்தி: கதிரை காணவில்லை. மின்குமிழ் எரியவில்லை என்று வந்த சீட்டில்கூட, அந்த இருட்டில் ஒரு கதிரையும் போய்விட்டதாக அடிக்குறிப்பு இருந்தது.

போன இடம் எல்லாருக்கும் தெரியும். நிலக்கீழ்த் தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில், கறுப்பின மாணவர்களுக்கான உதவித் திட்டத்துக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கொடுத்தார்கள் என்பது பெரிய சொல். வேறு யாரும் கேட்காததால் அது அவர்களிடம் இருந்தது. திட்டத்தை நடத்தியவர் ஜமைக்காவில் பிறந்த, ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. திட்டத்தின் பெயர் பதினொரு சொல் நீளம். எங்கள் அலுவலகத்துப் பரம் அண்ணைக்கு அதைச் சொல்லி முடிக்க மூச்சுப் போதவில்லை. திட்டத்தையும் ஆளையும் சேர்த்து 'மிஸ் கதிரை' என்று சுருக்கிவிட்டார்.

மிஸ் கதிரை பேசியது ஜமைக்கா ஆங்கிலம். ஆனால் அதட்டலும் அன்பும் ஒரே மூச்சில் வருகிற அந்தப் பேச்சு என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

முதல்நாள் முறைப்பாட்டுச் சீட்டோடு போய் நின்றேன்.

"மிஸ், புவியியல்காரர் நாலு கதிரை கேக்கினம்."

"அவையளுக்கு இருக்க ஆயிரம் இடம் கிடக்கு, ராசா. என்ர பிள்ளையளுக்கு? அதுசரி, நீர் ஏன் நிக்கிறீர்? இரும்."

இழுத்துப் போட்ட கதிரையின் அடியிலிருந்த துறை முத்திரையைக் குனிந்து பார்த்தேன். புவியியல்.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. சோதனையில் சறுக்கி யாரும் பல்கலைக்கழகத்தை விட்டுப் போவதில்லை. இருக்க இடமில்லாமல்தான் போகிறார்கள். "அவ்வளவு பெரிய வகுப்பில தன்னை மாதிரி ஒரு முகத்தைக் காணாத பிள்ளை எத்தினை நாளைக்கு வரும், சொல்லும் பாப்பம்?" ஆகவே சேர்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை. அதன் முதுகில் ஒட்டுநாடா, அதில் தடித்த பேனையால் பெயர். வேறு யாரும் அதில் இருக்கக்கூடாது. புதன் மத்தியானங்களில் மூத்த மாணவர்கள் வந்து கணிதம் சொல்லிக்கொடுப்பார்கள். நடுவில் ஒரு பெரிய பானை நிறையத் தேங்காய்ப்பால் விட்ட அவரைச் சோறு.

டென்ரன் என்று முதலாமாண்டு பொறியியல் மாணவன் ஒருவன். முதல் கணிதச் சோதனையில் விழுந்தவன், ஒரு கிழமையாக வரவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "பஸ் பிந்துது மிஸ்" என்றானாம். மறுநாள் வியாழக்கிழமை (நாட்குறிப்பில் வெள்ளி என்று எழுதி, பிறகு விசாரித்துத் திருத்தியிருக்கிறேன்) மிஸ் கதிரை அவனுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு பிஞ்ச் வீதி பஸ்ஸில் ஏறினார். காலை நெரிசல். எல்லாரும் கம்பியைப் பிடித்து நிற்க, அவர் நடுவில் கதிரையைப் போட்டு அமர்ந்தார்.

"அம்மா, உது என்ன?" என்றார் சாரதி.

"டென்ரன்ர கதிரை. அவனைத் தேடிப் போகுது. நான் துணைக்கு."

தன் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், குப்பைப் பையோடு மின்தூக்கியிலிருந்து வெளியே வந்த டென்ரன், தன் பெயர் போட்ட கதிரையில் மிஸ் இருப்பதைக் கண்டு திரும்பவும் மின்தூக்கிக்குள் போகப் பார்த்தான்.

"எங்க ஓடுறாய்? பஸ் பிந்தேல்லை. நான் அதிலதான் வந்தனான். தூக்கு கதிரையை."

தூக்கினான். அதற்குப் பிறகு ஒரு புதனையும் அவன் தவறவிடவில்லை.

நவம்பரில் புதிய கட்டட மேலாளர் வந்தார். தளவரைபடத்தில் அந்த அறைக்குப் பெயர் இல்லை. பெயரில்லாத அறைகள் எல்லாம் களஞ்சியம் என்பது அவருடைய சித்தாந்தம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், கதிரைகளைத் திருப்பியனுப்பிக் கடதாசிப் பெட்டிகளை இறக்கப்போவதாகவும் கடிதம் அனுப்பினார். அதைக் கொடுக்கப் போனவன் நான்தான். மிஸ் கதிரை குரல் தாழ்த்திப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

"கதிரையை எடுத்தா இன்னொண்டு கொண்டருவன். அறையை எடுத்தா இந்தப் பிள்ளையளை எங்க கொண்டுபோய் வைப்பன்?"

பிறகு நிமிர்ந்து, "பேர்தானே இல்லை?" என்று கதவுப் பலகைக்கு விண்ணப்பம் எழுதினார். மேலாளர் தன் மேசையில் குவிந்திருந்த படிவங்களோடு அதிலும் வாசிக்காமல் கையெழுத்திட்டார். பெயருக்கான கட்டத்துக்குள் பதினொரு சொல் அடங்கவில்லை. மூன்றாவது சொல்லின் பாதியில் எழுத்து சுவரில் மோதி நின்றது. பலகை செய்கிற முதியவரும் ஜமைக்காக்காரர். பெயரை விசாரிக்க எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்தில் தூசி உறிஞ்சும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அழைப்பை எடுத்தவர் பரம் அண்ணை.

திங்கட்கிழமை இரண்டு பலகைகள் வந்தன. இரண்டிலும் ஆங்கிலத்தில் ஒரே சொல்: ஹோம்.

"பரம் அண்ணை, அந்த மனுசன் என்ன கேட்டவர்?"

"பலகை வேணுமோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம். ஏனடாப்பா?"

பரம் அண்ணை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்வார், 'ஆம்' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற 'ஓம்' ஒன்றைத் தவிர. ஜமைக்காக்காரர் வாயிலோ 'ஹோம்' என்பதில் முதலெழுத்து அடிக்கடி கழன்று விழுந்து 'ஓம்' ஆகிவிடும். விழுந்ததை எடுத்து ஒட்டுவது தன் கடமை என்று முதியவர் நினைத்திருக்கிறார். இரண்டு தரம் சொன்னதால் இரண்டு பலகை.

மிஸ் கதிரை பலகையை நெடுநேரம் பார்த்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிக்கத் தொடங்கி, நிற்கமுடியாமல் பக்கத்திலிருந்த டென்ரனின் கதிரையில் விழுந்தார். தன் சட்டத்தை அவர் மீறியது அந்த ஒருமுறைதான். பஸ்ஸில் இருந்ததைக் கணக்கில் எடுக்கவேண்டாம். அது கதிரைக்குத் துணை போனது.

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்தார். புதன் இல்லாவிட்டாலும் அறை நிறைய மாணவர்கள், நடுவில் சோற்றுப் பானை. கதிரையின் அடியில்தான் துறைகளின் முத்திரை. ஆகவே ஒருவரும் எழும்பவில்லை.

"தம்பி, கொஞ்சம் எழும்பும்."

"மன்னிக்கவேணும் சேர்," என்றான் டென்ரன். "கணக்கு அரைவாசியில நிக்குது. எழும்பினா முதலில இருந்து வரவேணும்."

மேலாளர் சுற்றிச் சுற்றி நடந்தார். கால் மணி நேரம் நின்றார். அந்தப் பெரிய அறையில் அவருக்கு மட்டும் இருக்க இடமில்லை. எங்கே கையை வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மிஸ் கதிரை எழுந்து தன்னுடையதைத் தள்ளிக் கொடுத்தார்.

"இரும். நிக்கிறது கஷ்டம், என்ன?"

அவர் இருந்தார். மிஸ் கதிரை ஒட்டுநாடாவைக் கிழித்தபடி, "பேர் என்ன?" என்றார்.

மேலாளர் சிரித்துவிட்டார். ஒரு தட்டுச் சோறும் வந்தது. சாப்பிட்டு முடித்துக் கதவைக் காட்டி, பலகைக்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார். மேலாளரோடு வந்திருந்த பரம் அண்ணை படிவத்தை நீட்டினார். "கையெழுத்து உங்கடதான் சேர்." பலகையைக் கழற்ற வேறொரு படிவம் உண்டு, அதில் காரணம் எழுதவேண்டும். ஹோம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வரைபடத்தில் அந்த அறை அதே பெயரோடு வந்தது. டிசம்பரில் டென்ரன் கணிதத்தில் தேறினான். இரண்டாவது பலகையை மிஸ் கதிரை கதவின் உட்பக்கத்தில் அடித்துவைத்தார், வெளியே போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

ஏப்ரலில் நான் வேலையை விட்டேன். சொல்லிக்கொள்ளப் போனபோது, வாசலோரம் ஒரு கதிரையின் முதுகில் என் பெயர் தமிழில் இருந்தது. பரம் அண்ணையிடம் கேட்டு எழுதியிருக்கிறார். ஓர் எழுத்து தலைகீழ்.

"நான் உங்கட திட்டத்தில இல்லையே, மிஸ்."

"ஆறு மாசமா முறைப்பாடு எண்டு சொல்லிச் சொல்லி வந்து சோறு சாப்பிட்டனீரெல்லே?"

"அப்ப கொண்டு போகட்டோ?"

"கதிரை இஞ்ச நிக்கட்டும். நீர் வாரும்."

வேலையை விட்ட திகதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த அறையை விட்ட திகதியையும் தேடிப் பார்த்தேன், எழுதியிருக்கக் காணோம்.