டீ மெஷின் விழுங்கிய ராசிக் காசு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் என் இடது கண்ணும் சௌக்கியம். வலது கண் நாளை கட்டுப் பிரித்ததும் சௌக்கியமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒற்றைக் கண்ணால் எழுதுவதால் வரிகள் ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்.

ஆபரேஷனுக்குப் போகும்போது வைத்துக்கொள் என்று பாட்டியின் ராசிக் காசை அனுப்பினாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், கோபப்படாதே. காலையில் நர்ஸ் மூன்று தடவை சொட்டு மருந்து விட்டதில் உலகமே சோப்புத் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து இவள் தலைவலி என்றாள், நான் வராந்தாவில் இருந்த டீ மெஷினில் ஒரு காசைப் போட்டேன், அது கால் கப் வெந்நீரைத் துப்பிவிட்டு அடங்கிவிட்டது, சட்டைப்பையைத் தடவினால் ராசிக் காசைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சார், உங்களைக் கூப்பிடறாங்க. எவ்வளவு போச்சு? நான் தர்றேன்" என்றாள் நர்ஸ்.

அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வேன்? "ஒரு காசு வீட்டுலயே இருக்கணும்டா. அப்பத்தான் வெளிய போனது வழி தெரிஞ்சு திரும்பி வரும்" என்று பாட்டி சொல்வாளே. அச்சகத்தில் வேலை போய் நான் எட்டு மாதம் சும்மா இருந்தபோது, எனக்குத் தெரியாமல் அந்தக் காசை என் பர்ஸில் போட்டு வைத்தவள் அவள். பர்ஸ் காலி இல்லை என்ற தைரியத்தில்தான் தினமும் வேலை தேடக் கிளம்பினேன்.

"பத்து நிமிஷத்துல வரலைன்னா அடுத்த மாசம்தான் சார்" என்றாள் நர்ஸ். "கண்ணு முக்கியமா, காசு முக்கியமா?" என்றாள் இவள். நான் அப்போதும் மெஷினையே பார்த்ததை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

கடைசியில் காவலாளி இரக்கப்பட்டு மெஷின்காரரைக் கூட்டி வந்தார். அவர் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். "இந்த மாதிரி பழைய காசு மாசம் நாலஞ்சு விழும் சார். தேடி வருவாங்கன்னு தனியா வச்சிருக்கேன். எல்லாருமே பாட்டி குடுத்ததுன்னுதான் சொல்றாங்க."

டின்னிலிருந்த காசுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினேன், ஒன்று சிக்கியது. பாட்டி தேய்த்துத் தேய்த்து மழுங்கிய அதே விளிம்பு. முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஊரார் பிழையைத் திருத்தியவன், என் காசு எனக்குத் தெரியாதா? அதை இறுகப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன், நல்லபடியாக வந்தேன். எல்லாம் பாட்டி புண்ணியம், உன் புண்ணியம். காசை இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கட்டுப் பிரித்துவிட்டார்கள். பார்வை பளிச்சென்று இருக்கிறது. அதனால்தான் தெரிந்தது, இது நம் காசே இல்லை. நம் காசு, தொலைந்துவிடக் கூடாதென்று முந்தின நாள் நானே வைத்த இடத்தில், மேஜை மேல் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பாட்டி சொன்னபடி வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். மற்றதை நாளைக் காலை முதல் வேலையாக அந்த டின்னில் சேர்த்துவிடுவேன். யார் வீட்டுப் பாட்டியோ, முன்பின் தெரியாத எனக்குத் துணையாக ஆபரேஷன் தியேட்டர் வரை வந்திருக்கிறாள். நன்றி எழுதலாமென்றால் விலாசம்தான் தெரியவில்லை.