நான் எழுதிக் கொடுத்த சொந்த ஊர்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் நடந்த கேடுகளில் பாதிக்கு அதுதான் காரணம். மீதிப் பாதிக்கு என் வாய் காரணம். இரண்டும் ஒரே நாளில், ஒரே மேசைக்கு முன்னால் சேர்ந்து வேலை செய்த கதை இது.

எழுபதுகளின் தொடக்கம். இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பேசி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. (கோழிக்குஞ்சைப் பங்கு போடுகிறவர்கள்கூடத் தாய்க்கோழியை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.) இந்தியாவுக்குப் போக மனுப் போட்டவர்களை நேரில் கூப்பிட்டு விசாரித்து, அந்த நாட்டு பாஸ்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தால் சில மாதங்களில் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட வேண்டும்.

யட்டவத்தைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை போனவன் நான் ஒருவன்தான். (போனவன் என்றுதான் சொன்னேன். தேறியவன் என்று சொல்லவில்லை.) அதனால் மனுப் பாரம் நிரப்புகிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. பத்தொன்பது வயது. சட்டைப் பையில் ஒரு பேனா, காதில் இன்னொரு பேனா. காதில் இருந்ததில் மை கிடையாது, அது அழகுக்கு. லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து உட்காருவேன். வேலை விட்டு வந்த ஜனங்கள் சுற்றி நிற்பார்கள். "தொரை எழுதுறாரு, சத்தம் போடாதீங்க" என்று யாராவது சொல்வார்கள். அது கேலி என்று எனக்கு விளங்க இருபது வருஷம் ஆனது.

பாரத்தில் ஒரு இடத்தில் எல்லோரும் முழித்தார்கள். சொந்தக் கிராமம், தாலுகா, ஜில்லா. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மலையில் பிறந்தவர்கள். முதலில் எங்கள் அப்பாவைத்தான் கேட்டேன்.

"முசிறிக்கு அங்கிட்டுன்னு எங்காத்தா சொல்லும்" என்றார்.

"அங்கிட்டுன்னா எங்கிட்டு?"

"அங்கிட்டுதான்டா."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடைசியில் வேலையை விட்டு வீட்டில் இருந்த பழைய கங்காணியிடம் போனேன். அவரிடம் எப்போதோ அவருடைய சித்தப்பா மகன் போட்ட கடிதம் ஒன்று இருந்தது. அதன் முதுகில் முழு விலாசம். ஓணாங்கரடு, முசிறி தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா. பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. எங்கள் பாட்டன்மார்களை இந்தக் கங்காணியின் அப்பாதானே கூட்டிக்கொண்டு வந்தார்? அவர் தன் ஊர் ஆட்களைத்தானே கூட்டி வந்திருப்பார்? ஆகவே கங்காணியின் ஊர்தான் நம் ஊர். இவ்வளவு நேரான கணக்கைப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு நாளும் போட்டதில்லை.

அப்பாவின் பாரத்தில் எழுதினேன். பிறகு அக்காவின் மாமனார் பாரத்தில். பிறகு ஊர் தெரியாமல் வந்த ஒவ்வொருவருக்கும், தர்மப் பிரபு மாதிரி, ஓணாங்கரட்டை வாரி வழங்கினேன். மொத்தம் பதினேழு குடும்பங்கள். அழகான முத்து முத்தான எழுத்தில்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் கீழ் லயத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமனார் குடும்பத்துக்கு பாஸ்போர்ட் முதலிலேயே வந்துவிட்டது, அதில் அக்கா பெயரும் இருந்தது. மூன்று மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். அக்காவுக்கு அப்போது நாலு மாதம். தலைப்பிரசவம். அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அதே கப்பலில் தானும் போக வேண்டும், மகளுக்குத் தன் கையால் பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும். எங்கள் விசாரணைக்குத் தேதி வந்தது. அன்றைக்குக் கையெழுத்து விழுந்தால் ஓடித் திரிந்து கப்பலைப் பிடித்துவிடலாம். விழாவிட்டால் அக்கா தனியாகப் போவாள்.

விசாரணையில் ஊரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். உடனே நான் அப்பாவுக்கு வாத்தியார் ஆனேன். ஏழு வயதில் ஊரை விட்டு வந்த கங்காணியின் ஞாபகத்தில் கோயிலும் குளமும் மிச்சம் இருந்தன. மூன்று வாரம், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டுக் கை காய்த்துப்போய் வருகிற மனிதரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன்.

"கோயில்?"

"கிழக்க."

"என்ன சாமி?"

"கருப்பு."

"குளம்?"

"கோயிலுக்குப் பின்னுக்கு."

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள். "சொந்த ஊர மனப்பாடம் பண்ற மனுசன இப்பதான் பாக்குறேன்."

மாத்தளை டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. அதிகாலையிலேயே அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறினோம். அம்மா அம்மன் கோயில் வாசலில் இறங்கி, தேங்காய் உடைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டாள். எனக்கும் அள்ளிப் பூசினாள். (பேசாமல் என் வாயில் கொட்டி அடைத்திருக்கலாம்.)

சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடி போட்டு, களைத்துப் போயிருந்தார். அப்பாவைப் பார்த்து, "உக்காருங்க பெரியவரே" என்றார். அப்பா உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கம் இல்லை.

"எந்த ஊரு?"

"ஓணாங்கரடுங்கய்யா. முசிறி தாலுகா. திருச்சிராப்பள்ளி ஜில்லா."

"கோயில் எங்க இருக்கு?"

"கிழக்கங்கய்யா. கருப்பு. பின்னுக்குக் கொளம்."

கேட்காத குளத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். நான் பெருமையில் நெஞ்சை நிமிர்த்தினேன். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார். அம்மா கையைக் கூப்பிவிட்டாள். பேனா முனை காகிதத்தைத் தொடப் போகும்போது, சும்மா பேச்சுக்கு, "வீட்டுக்கு முன்னாடி என்னங்க இருக்கும்?" என்று கேட்டார்.

இது நான் சொல்லிக் கொடுக்காத கேள்வி. ஆனால் அப்பாவின் முகம் மலர்ந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக அவருக்கு விடை தெரிந்த கேள்வி வந்திருக்கிறது.

"முன்னுக்குத் தண்ணிப் பீலிங்கய்யா. பீலிக்கு மேல பெரட்டுக்களம், அங்கதான் காலையில பேர் போடுவாங்க. பின்னுக்கு ஏழாம் நம்பர் தேயிலை."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஓணாங்கரட்டுல தேயிலையா?"

புத்தியுள்ளவன் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். வயதான மனிதர், கேள்வியைத் தப்பாக விளங்கிக்கொண்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். நான் ஒரு எட்டு முன்னால் வைத்து, பணிவாகச் சொன்னேன்:

"கொஞ்சமா இருக்கு சார்."

பேனா மூடி மறுபடி பேனாவுக்கு ஏறியது. அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"தம்பி, நான் திருச்சிக்காரன்" என்றார் அதிகாரி. "அந்தப் பக்கம் கள்ளி முளைக்கிறதே கஷ்டம். கொஞ்சமா தேயிலை எங்க இருக்குன்னு சொல்லு, லீவுல போறப்போ பாத்துட்டு வர்றேன்."

பிறகு பாரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த எழுத்த நான் பாத்திருக்கேனே. நீதான் எழுதுனியா? இதோட பதினேழு பாரம். எல்லாரும் ஓணாங்கரடு. அந்த ஊருல மொத்தமா இருபது வீடு தேறுமா?" சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "பதினாற பாஸ் பண்ணி அனுப்பிட்டேன்."

அப்பாவிடம் திரும்பினார். "பெரியவரே, நெசமா உங்க ஊர் எது?"

அப்பா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தெரியலீங்கய்யா. நான் கைப்புள்ளையா இருக்கயில எங்கப்பா செத்துட்டாரு. மகன் படிச்சவன், அவன் எழுதினா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. அப்பா அதைத் திட்டாகச் சொல்லவே இல்லை.

மறு விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்று அதிகாரி பாரத்தைத் தனியாக வைத்தார். எப்போது என்று தெரியாது. அம்மா மேசை அருகே போய், "மக மாசமா இருக்குதுங்க, தலைப்பிரசவம்ங்க" என்றாள். அவர் எழுந்து நின்று, "என் கையில இல்லம்மா" என்றார். வெளியே வந்தோம்.

திரும்ப பஸ் ஏறினோம். பாதி வழியில் அப்பா மெதுவாகக் கேட்டார். "கொஞ்சமா இருக்குன்னு ஏன்டா சொன்ன?"

அம்மா குபீரென்று சிரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மாத்தளை ஸ்டேஷனில் தலைமன்னாருக்குக் கோச்சி வண்டி ஏறினாள். அம்மா கொடுத்த மருந்துச் சரக்குப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தாள், எதை எப்போது குடிக்க வேண்டும் என்று அதில் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கோச்சி நகர்ந்தபோது அம்மா கூடவே ஓடி, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றாள்.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அக்கா சொல்ல யாரோ எழுதியது. "தம்பி, பாஸ்போட்டுல இருந்த ஊருக்கே வந்து எறங்கினோம். எந்த வீட்டு ஆளுகன்னு கேட்டாங்க. எங்களுக்குச் சொல்லத் தெரியல. கருப்பு கோயில்ல பதினோரு நாள் கெடந்தோம். நம்ம தோட்டத்து ஆளுக இன்னம் வந்துக்கிட்டே இருக்காங்க. பாத்துட்டு ஊர்க்காரங்க பயப்படுறாங்க. கரட்டடியில குடிசை போட்டிருக்கோம். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பாரங்களில் ஒன்றுதான் தோற்றது. மற்ற பதினாறும் ஜெயித்துவிட்டன.

மறு விசாரணைக் கடிதம் மூன்று வருஷம் கழித்து வந்தது. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். மனு அவர் பெயரில் இருந்தது, அவரோடு அதுவும் முடிந்தது. அம்மா தோட்டத்திலேயே கிடந்தாள். மகள் எங்கே என்று யாராவது கேட்டால், "சொந்த ஊருல இருக்கா. எம் மகன் எழுதிக் குடுத்த சொந்த ஊரு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அதுதான் எங்கள் வீட்டு ஆஸ்தான நகைச்சுவை. பிறகு என் மனைவி கற்றுக்கொண்டாள், என் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் வீட்டுக்கு ஏதாவது பாரம் வந்தால் என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள். "அவருகிட்ட குடுத்துடாதீங்க, நம்மளயும் ஓணாங்கரட்டுக்கு அனுப்பிடுவாரு."

அக்காவைப் பார்க்காமலேயே அம்மா செத்துப்போனாள். சாவு வீட்டில் தந்திப் பாரத்தை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு முழித்தார்கள். அக்காவின் விலாசம் முழுதாக யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் என் மனைவி பேனாவை என்னிடம் நீட்டி, "சரியா எழுதுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு எழுதினேன்: ஓணாங்கரடு, முசிறி தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா. அந்த ஊரை ஒரு பாரத்தில் நான் பொய்யில்லாமல் எழுதியது அன்றைக்குத்தான்.