வடபழஞ்சியில் பெய்த கறுப்பு மழை

பயந்த மனிதர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தவறு. துணிச்சல்காரன் ஒரு தப்பை ஒரு தடவைதான் செய்வான். பயந்தவன் அதே தப்பை மறுபடியும், முன்னைவிட ஜாக்கிரதையாகச் செய்வான். நான் செய்திருக்கிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வீட்டில் கஷ்டம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் என்று படுத்தேன். சாயங்காலத்துக்குள் நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. (என் உடம்பு அவ்வளவு விசுவாசம்.) அதன்பிறகு போகவில்லை. கணக்கு நோட்டைக் கண்டே நடுங்கிய அந்த ஆளுக்கு ஆண்டவர் கொடுத்த வேலை, நீராவி இன்ஜினில் நெருப்புக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். மதுரையிலிருந்து போடிக்குப் போகும் மீட்டர் கேஜ் கிளைப்பாதையில்.

அந்த இன்ஜினின் அமைப்பு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பயந்து படித்தது மறப்பதில்லை. முன்னால் நீளமாகப் படுத்திருப்பது கொதிகலன். அதன் பின்புறம், நாங்கள் நிற்கும் இடத்தில், நெருப்புப் பெட்டி. நெருப்பின் சூடு கொதிகலனுக்குள் இருக்கும் குழாய்கள் வழியாக ஓடி, சுற்றிலும் நிற்கும் தண்ணீரை ஆவியாக்கும். ஆவி சிலிண்டருக்குப் போய் பிஸ்டனைத் தள்ளும். தள்ளி முடித்ததும் புகைபோக்கி வழியாக வெளியேறும். அவ்வளவுதான். ஆனால் நெருப்புப் பெட்டியின் கூரைமேல் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றினால் கூரையில் இருக்கும் ஈயத் தக்கை உருகி, ஆவி பாய்ந்து நெருப்பை அணைக்கும். தக்கையும் கைவிட்டால் கொதிகலன் வெடிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைச் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் சோற்றை மென்று தின்றதில்லை, விழுங்கியதுதான்.

தண்ணீர் அளவு பார்க்க எதிரே இரண்டு கண்ணாடிக் குழாய்கள், டிரைவர் பக்கம் ஒன்று, ஃபயர்மேன் பக்கம் ஒன்று. பாதிக் கண்ணாடியில் தண்ணீர்க் கோடு தெரிந்தால் சுகம். இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. கொதிகலனில் தண்ணீர் வற்றிப் போனாலும் கண்ணாடியில் கோடு தெரியாது. தண்ணீர் மேல்வரை நிரம்பிவிட்டாலும் கோடு தெரியாது. காலியும் நிறைவும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால், கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். ஆவி வந்தால் காலி, தண்ணீர் வந்தால் நிறைவு. மூக்கைச் சொறிகிற நேரம்கூட ஆகாது.

இருபத்தைந்து வயதில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பார்த்தவர் எங்கள் சர்ச் உபதேசியார். பெண்ணின் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீடு நாகமலை புதுக்கோட்டை. பெண் பத்தாவது பாஸ். என் எட்டாவதை உபதேசியார் எப்படிச் சொன்னாரோ தெரியாது, வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: பையனை வீட்டில் பலகாரத்தோடு பார்க்க வேண்டாம், வேலையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வடபழஞ்சி ஸ்டேஷனுக்கு வருவதாக ஏற்பாடு. வண்டி நிற்கிற சில நிமிடத்தில் என் வாழ்க்கை முடிவாகும்.

எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று இருந்தது. முகம் பார்த்ததில்லை. ஆனாலும் பத்தாவது படித்த ஒருத்தி வீட்டில் இருந்தால் கரண்டு பில்லிலிருந்து கடுதாசி வரை எல்லாவற்றையும் அவளே படித்துவிடுவாள், நான் பயப்படுவது பாதியாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். (காதலுக்கு எத்தனையோ காரணங்கள்.)

அன்று டிரைவர் மாயாண்டி அண்ணன். மதுரையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் அவர் பக்கத்துக் கண்ணாடி பட்டென்று உடைந்தது. அது அவ்வப்போது நடப்பதுதான். அதன் குழாய்களை மூடிவிட்டு, உன் கண்ணாடியை நம்பித்தான் போறோம், பார்த்துக்கொள் என்றார். என்னை நம்பி ஒரு ரயில் போவது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துணியால் இரண்டு தடவை துடைத்தேன்.

அதற்குமேல் இன்னொரு கவலை. ஆவி அளவுக்கு மீறினால் இன்ஜினின் தலையில் இருக்கும் வால்வு திறந்து, காது கிழிகிற மாதிரி சீறும். வாத்தியார் பேசும் நேரத்தில் சீறினால் என்ன ஆவது? ஆவியை அடக்க ஒரு வழி, கொதிகலனுக்குள் பச்சைத் தண்ணீரை ஏற்றுவது. பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரிலிருந்து தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைத் திறந்துவிட்டேன். திறந்துவிட்டு, வாத்தியார் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். எட்டாவதோடு நிறுத்தியதற்கு மட்டும் மூன்று விதமான பதில். மூன்றிலும் வீட்டில் கஷ்டம்.

மூன்றாவது பதில் முடிந்து கண்ணாடியைப் பார்த்தால் கோட்டைக் காணோம்.

இன்ஜெக்டரைத் திறந்தது அடியோடு மறந்துபோயிருந்தது. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: காலி. தக்கை உருகப்போகிறது. சொன்னால் மாயாண்டி அண்ணன் வண்டியை நிறுத்தி நெருப்பை இறக்கச் சொல்வார். வாத்தியார் வடபழஞ்சியில் காத்திருப்பார். கல்யாணமும் நெருப்போடு இறங்கிவிடும். குழாயைத் திறந்து பார்க்கலாம்தான். திறந்து, ஆவி மட்டும் வந்துவிட்டால்? காலி என்று சந்தேகப்படுவதை என்னால் தாங்க முடியும். தெரிந்துகொள்வதைத்தான் தாங்க முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரைக் கூப்பிட்டேன். இன்ஜெக்டர் பாட்டுக்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் பிடியில் கை பட்டபோது அது திறந்தே இருப்பது தெரிந்தது. நல்லவேளை, யாரோ புண்ணியவான் திறந்து வைத்திருக்கிறான் என்று அப்படியே விட்டேன்.

வடபழஞ்சி வந்தது. நடைமேடையில் வாத்தியார், தும்பைப் பூ மாதிரி வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் உபதேசியார். இரண்டடி தள்ளி, கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண். பெண்ணையும் அழைத்து வருவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாத்தியார் இன்ஜினை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னை. நான் பயந்த அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்.

"எட்டாவதோட ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?"

மூன்று பதில்களும் எங்கே போயினவோ. "பயமா இருந்துச்சு சார்" என்றேன்.

அவர் நெருப்புப் பெட்டியைக் காட்டினார். "இம்புட்டு நெருப்புக்கிட்ட நிக்கிறீங்க. இது பயமில்லையா?"

"இதுவும் பயந்தான் சார்."

குடைக்கு அடியில் ஒரு சிரிப்புச் சத்தம். கேலி இல்லாத சிரிப்பு. அது மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குள் கார்டு கொடியைக் காட்டினார். மாயாண்டி அண்ணன் விசில் அடித்து, ஆவியைத் திறந்தார்.

ஆவி போக வேண்டிய வழியில் தண்ணீர் போனது. கழுத்து வரை நிரம்பிய கொதிகலன் பொங்கி, சிலிண்டர் வழியாகப் பாய்ந்து, புகைபோக்கியில் பல வருஷமாகப் படிந்திருந்த கரியை எல்லாம் வழித்துக்கொண்டு, தென்னை மர உயரத்துக்கு எழும்பியது. மேலே போகும்போது கொதித்தது. இறங்கும்போது வெதுவெதுப்பு. அந்த ஒரு விஷயத்தில் ஆண்டவர் இரக்கம் காட்டினார். அண்ணன் பதறி ஆவியை மூடுவதற்குள், சிலிண்டருக்குள் தண்ணீர் சிக்கி, டமார் என்று முன்மூடி பிளந்தது. வண்டி ஓர் ஆள் நீளம் நகர்ந்து நின்றது.

நான் மெதுவாக எட்டிப் பார்த்தேன். வாத்தியாரின் கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. உபதேசியார் முகத்தைப் பொத்தி ஜெபித்துக்கொண்டிருந்தார், அல்லது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குடையில் விழுந்தது மட்டும் தெரியவே இல்லை. மூன்று பேரும் திரும்பி, வரிசையாக நடந்து போனார்கள்.

மாயாண்டி அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொழாயத் தொறந்து பாத்தியாடா?"

"இல்லண்ணே."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "மாமன் மச்சான் மேல மஞ்சத்தண்ணி ஊத்திப் பாத்திருக்கேன் மாப்ள. கருப்புத் தண்ணிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மதுரையிலிருந்து வேறு இன்ஜின் வர இரண்டு மணி நேரம் ஆனது. வண்டியில் இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து முதலில் இன்ஜினையும் பிறகு என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னைத் திரும்ப ஷெட்டுக்கு அனுப்பி, இன்ஜின் துடைக்கும் வேலையில் போட்டார்கள். அது நியாயம்தான். எனக்கே நிம்மதியாக இருந்தது.

வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். அப்படி என்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? உபதேசியாரிடம் கேட்டிருக்கலாம். நான் அவர் கண்ணில் படாமல் இருக்க, ஆராதனை தொடங்கிய பிறகு போய், முடிவதற்குள் வெளியே வந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் அவரிடம் மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குப் போன வாரம்தான் கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளை திருமங்கலத்தில் கிளார்க் என்றார். நல்லது என்றேன்.

"என்னப்பா நல்லது? ஆறு மாசம் உனக்காகத்தான் இருந்தாங்க. சட்டையத் தொவைச்சாப் போச்சுன்னு வாத்தியார் அன்னைக்கே சொல்லிட்டாரு. அந்தப் புள்ளயும், பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்ற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்னு சொல்லுச்சு. தப்பு உம்மேல. நீதான வந்து ஒரு வார்த்த கேக்கணும்? வரலயேப்பா."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

அந்த இன்ஜினுக்குச் சிலிண்டர் மூடி மாற்றி, இன்னும் சில வருஷம் போடிக்கு ஓட்டினார்கள். பிறகு டீசல் வந்தது, வெட்டி எடைக்குப் போட்டார்கள். எனக்கும் கல்யாணம் ஆனது, அலங்காநல்லூர்ப் பக்கம். முதல் வருஷமே மனைவியிடம் கதையை முழுக்கச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் அதுதான். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தால், மகள் நாலு நாளாகப் பேசவில்லையே என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், கொழாயத் தொறந்து பாருங்க என்பாள் மனைவி. இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்கின்றன. அர்த்தம் தெரியாது, ஆனால் சிரிக்கத் தெரியும்.

போன வாரம் எனக்கு நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் கவர் மூன்று நாளாக டிவி மேல் கிடந்தது. பக்கத்தில் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். நேற்றுக் காலை மனைவி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கங்க. நான் தொறக்குறேன்" என்றாள்.

நான் திரும்பிக்கொண்டேன். கவர் கிழிகிற சத்தம் கேட்டது. அவள் இன்னும் படித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் காப்பியைக் குடிக்காமல், டம்ளரில் அதன் கோடு எதுவரை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.